லூக்காவின் விதவைகளோடு ஒரு டிசம்பர்

திருநெல்வேலிப் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு மரணம் நேர்ந்துவிட்டால், அடுத்து வருகிற கிறிஸ்துமஸ் அந்த வீட்டுக்குப் பண்டிகையாக இருப்பதில்லை. வாசலில் நட்சத்திரம் தொங்காது. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. பலகாரம் உறவினர் வீடுகளிலிருந்து தூக்குச்சட்டியில் வந்து சேரும். புதுத் துணி எடுப்பதில்லை. வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வருகிற வாலிபர்கள் அந்த வாசலை நெருங்கியதும் கொட்டுமேளத்தை நிறுத்திவிட்டு, ஒரு ஜெபம் செய்து, சத்தமில்லாமல் கடந்துபோவார்கள். இந்த வழக்கத்தைக் குறைசொல்வது என் நோக்கமன்று. துக்கத்துக்கு ஓர் ஆண்டு ஒதுக்கிக் கொடுக்கிற சமுதாயம், அழுகிறவரிடம் சிரித்த முகத்தை எதிர்பார்க்கிற சமுதாயத்தைவிட இரக்கமுள்ளது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த ஓராண்டு மௌனத்துக்குள் ஒரு பெண் தன் விசுவாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் நான் கற்றுக்கொண்டது அதைத்தான்.

அவ்வாண்டு ஆகஸ்டில் என் கணவர் மாரடைப்பில் இறந்தார். அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தவர். நானும் ஆசிரியைதான். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் மீந்தவர்கள் மூவர்: நான், பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகள், என் மாமியார். மாமியார் இளவயதிலேயே கணவரை இழந்து, அன்றிலிருந்து வெள்ளைச் சேலை தவிர வேறொன்றும் உடுத்தாதவர். கண்புரையால் வேதாகமத்தின் எழுத்துகள் அவருக்குத் தெரிவதில்லை; ஆனால் பாதிக்கு மேல் மனப்பாடம்.

கணவர் இருந்தவரை இரவு ஜெபத்தில் வேதம் வாசிப்பது அவர் வேலை. அவர் போனபின் அந்த நேரம் வந்தாலே மூவரும் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு எழுந்துவிடுவோம். நவம்பர் இறுதியில் மகள்தான் ஒரு யோசனை சொன்னாள். லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள் இருக்கின்றன. டிசம்பர் முதல் தேதி முதலாம் அதிகாரத்தில் தொடங்கினால், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் புத்தகம் முடியும். பல சபைகளில் நடைமுறையில் இருக்கிற முறைதான் இது. சின்ன ஒழுங்குதானே, அதாவது இருக்கட்டும் என்று சம்மதித்தேன்.

இந்த வாசிப்பின் இயல்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிறிஸ்து பிறந்த வரலாறு இரண்டாம் தேதியே முடிந்துவிடுகிறது. மேய்ப்பர்கள் வந்து போய்விடுகிறார்கள், முன்னணை காலியாகிவிடுகிறது. மற்றவர்கள் குடில் கட்டத் தொடங்குவதற்கு முன்பே நீங்கள் அந்தப் பிள்ளை வளர்ந்து என்ன செய்தார் என்கிற கதைக்குள் போய்விடுகிறீர்கள். பண்டிகையின் மினுமினுப்பு தாங்க முடியாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பிறப்பின் இனிமையை நான்கு வாரம் இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அந்த இரண்டாம் அதிகாரத்தின் பிற்பகுதியில்தான் அன்னாள் வருகிறாள். வழக்கமான கிறிஸ்துமஸ் ஆராதனைகளில் மேய்ப்பர்களோடு வாசிப்பு நின்றுவிடுவதால் அவளை நாம் அதிகம் சந்திப்பதில்லை. பானுவேலின் மகள், ஆசேர் கோத்திரத்தாள், கல்யாணமாகி ஏழு வருஷம் மட்டும் கணவனோடு வாழ்ந்தவள், ஏறக்குறைய 84 வயதானவள், தேவாலயத்தை விட்டு நீங்காதவள். குழந்தையைக் கண்ட மாத்திரத்தில் அவள் ஸ்தோத்திரம் சொல்லி, எருசலேமில் மீட்புக்குக் காத்திருந்த எல்லாரிடமும் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். மகள் வாசித்து முடித்ததும் மாமியார், “ஏழு வருஷம்” என்று மட்டும் சொன்னார். அவருடைய மணவாழ்க்கையும் ஏறத்தாழ அவ்வளவுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தும் நான் அதைக் கணக்கிட்டுப் பார்த்ததில்லை.

அன்னாளைத் தேடி வேதத்தில் முன்னும் பின்னும் புரட்டியபோது, லூக்கா வேறெந்தச் சுவிசேஷகரைக் காட்டிலும் விதவைகளை அதிகம் நினைத்திருக்கிறார் என்பது தெரிந்தது. இரண்டாம் அதிகாரத்தில் அன்னாள். நான்கில் சாறிபாத்தூர் விதவை. ஏழில் நாயீன் ஊர்த் தாய். பதினெட்டில் நியாயாதிபதியை விடாமல் தொல்லைப்படுத்துகிறவள். இருபதின் கடைசி வசனத்தில் வீடு பறிகொடுத்தவர்கள். இருபத்தொன்றின் தொடக்கத்தில் இரண்டு காசு போட்டவள். அந்தத் தேதிகளை நாட்காட்டியில் பென்சிலால் வட்டமிட்டு வைத்தேன். விருந்தாளிகளை எதிர்பார்ப்பது போன்ற ஒரு காரியம் அது. துக்க வீட்டுக்கு அது தேவைப்பட்டது.

ஏழாம் தேதி நாயீன். ஒரே மகனைப் பாடையில் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அவளோ கைம்பெண். கர்த்தர் அவளைப் பார்த்து மனதுருகி, “அழாதே” என்கிறார். இந்த ஒரு சொல்லை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். அடக்க ஆராதனையிலேயே, “கிறிஸ்தவள் இப்படி அழலாமா, நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கிக்கக் கூடாதே” என்று காதருகே வந்து சொன்னவர்கள் உண்டு. தெசலோனிக்கேயருக்கு எழுதின நிருபத்தில் பவுல் துக்கமே கூடாது என்று எழுதவில்லை. நம்பிக்கையில்லாத துக்கம் வேண்டாம் என்றுதான் எழுதினார். நாயீனில் அழாதே என்றவர் அந்தச் சொல்லோடு நின்றுவிடாமல் பாடையைத் தொட்டு, மகனை எழுப்பித் தாயிடம் ஒப்புவித்தார். அப்படிச் செய்யக்கூடியவருக்கு அப்படிச் சொல்லும் உரிமை உண்டு. மற்றவர்கள் துக்க வீட்டுக்குப் போகும்போது அந்தச் சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. பாத்திரம் கழுவித் தருவது, ரேஷன் கடைக்குப் போய்வருவது போன்றவற்றில் அதைவிட ஆறுதல் இருக்கிறது என்பது என் அனுபவம்.

கேரல் ரவுண்ட்ஸ் எங்கள் பகுதிக்கு வருவதற்கு முந்தின நாள், சபை வாலிபர்களில் மூத்தவன் ஒருவன் வந்து தயங்கி நின்றான். “டீச்சர், வழக்கம்போல ஜெபம் மட்டும் பண்ணிட்டுப் போயிரவா?” என்று கேட்டான். அப்போது வீட்டிலிருந்த கணவரின் சித்தி, அதுதான் முறை என்று எனக்கு முன்பாகவே பதில் சொல்லிவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் மாமியார், “அன்னாள் கோவிலை விட்டு வெளியே போனாளா? புள்ளைங்க வந்து பாடட்டும்” என்றார். தமது வெள்ளைச் சேலை வாழ்நாள் முழுவதிலும் அவர் அப்படி ஒரு வாசலில் பாட்டுக் கேட்டவரில்லை. வாலிபர்கள் வந்தார்கள். கொட்டுமேளமும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் வேண்டாம் என்று அவர்களாகவே முடிவு செய்து, கித்தார் ஒன்றை மட்டும் வைத்து இரண்டு பழைய கீர்த்தனைகளைப் பாடினார்கள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். சித்தி உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. நட்சத்திரம் அந்த ஆண்டு தொங்கவில்லை. அதில் மாமியார் வழக்கத்தின் பக்கம் நின்றார், நானும் மறுக்கவில்லை. எதை விட்டுக்கொடுப்பது, எதைக் கேட்டுப் பெறுவது என்பதை ஒவ்வொன்றாகத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சபைக்குள் கைம்பெண்ணின் இடம் எது என்கிற கேள்வி பாளையங்கோட்டையில் எழுவது ஒருவிதத்தில் வேடிக்கையானது. இந்த ஊர்ச் சபையின் வரலாறே ஒரு விதவையிடமிருந்துதான் தொடங்குகிறது. மராத்தியப் பிராமண குலத்தைச் சேர்ந்த கிளாரிந்தா அம்மாள் 1778இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780இல் பாளையங்கோட்டைச் சபையார் 40 பேரின் பெயர்கள் பதிவேட்டில் எழுதப்பட்டபோது முதற்பெயர் அவருடையது. அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785இல் பிரதிஷ்டையானது. பாப்பாத்தியம்மாள் கோவில் என்று ஊரார் சொல்வது அதைத்தான். ஒருகாலத்தில் அவருக்கே ஞானஸ்நானம் மறுக்கப்பட்டிருந்தது. அவரிடமிருந்து விசுவாசத்தைப் பெற்ற ஊரில், விதவை பின் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று எந்த வேதப்புத்தகத்தில் எழுதியிருக்கிறதோ!

அந்த ஆண்டு டிசம்பர் 17, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகிற ஆகமன காலத்தின் மூன்றாம் ஞாயிறு. காலை ஆராதனைக்குப் போனவர்கள் நனைந்துகொண்டே திரும்பினார்கள். மழை அதன்பிறகு நிற்கவில்லை. அந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பின்னர் அறிந்தோம். ஓராண்டில் பெய்ய வேண்டிய மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரைமீறி, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், ஜங்ஷன் பேருந்து நிலையம் எங்கும் தண்ணீர். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. எங்கள் தெரு மேடானது என்பதால் வீட்டுக்குள் நீர் வரவில்லை. மின்சாரமும் கைபேசித் தொடர்பும் போயின. அன்றிரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பதினேழாம் அதிகாரத்தை வாசித்தால், நோவாவின் நாட்களும் ஜலப்பிரளயமும் அதில் வருகின்றன. மகள் வாசிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். இதை ஓர் அடையாளம் என்று சாட்சி சொல்ல எனக்கு விருப்பமில்லை. தேதிப்படி வாசித்தால் இப்படியும் சில நேரும், அவ்வளவுதான். தண்ணீரில் செத்தவர்களின் வீட்டார் காதில் அந்தச் சாட்சி எப்படி விழும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மறுநாள் பதினெட்டாம் அதிகாரம், நியாயாதிபதியிடம் போகிற விதவை. இதற்குக் கொஞ்சம் முன்கதை உண்டு. கணவரின் குடும்ப ஓய்வூதியத்துக்கான காகிதங்கள் ஓர் அலுவலகத்தில் கிடந்தன. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். குறைகிற தாள் எது என்பதை ஒரே முறையில் சொல்லவும் மாட்டார்கள். நவம்பரில் நான் போவதையே நிறுத்தியிருந்தேன். உவமையில் வரும் நியாயாதிபதி தேவனுக்கும் பயப்படாதவன், மனுஷரையும் மதிக்காதவன். அவளுக்குச் சிபாரிசு செய்ய ஆளில்லை, கொடுக்கக் கையில் பணமுமில்லை. அவளிடம் இருந்தது வருவது ஒன்றுதான். நாங்கள் சின்ன வயதிலிருந்து இதை ஜெபத்தைப் பற்றிய உவமையாக மட்டுமே கேட்டிருக்கிறோம். லூக்காவும் சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்காகச் சொல்லப்பட்டது என்றே முகவுரை எழுதுகிறார். ஆனால் கர்த்தர் ஜெபத்துக்கு எடுத்துக்காட்டாகப் பொறுக்கியெடுத்தது முழந்தாளில் நிற்பவளை அல்ல, அலுவலகப் படியேறுகிற ஒரு பெண்ணை. விசுவாசம் வளர்ந்தால் மனம் அமைதியாகிவிடும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அது வளர்ந்தால் கால்தான் முதலில் நகரும் என்பது அந்த மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விளங்கியது.

அலுவலகங்கள் அந்த வாரம் திறக்கவில்லை. நகர்ந்தது வேறு பக்கம். பத்தொன்பதாம் தேதி சபையின் கூடத்தில் சமையல் தொடங்கினார்கள். பண்டிகைக்கென்று வீடுகளில் வாங்கி வைத்திருந்த அரிசி மாவும் எண்ணெயும் வெல்லமும் அங்கே வந்து குவிந்தன. போதகரின் மனைவியான ஐயரம்மா என்னைக் கூப்பிட வரவில்லை. முதல் வருஷம் முடியாதவளைப் பொதுக் காரியத்துக்குக் கூப்பிடத் தயங்கியிருப்பார்கள். நானே போனேன். ஒரு பிடி மாவை வைத்துக்கொண்டு தீர்க்கதரிசிக்கு முதலில் அடை சுட்ட சாறிபாத்தூர்க்காரியை நான்காம் தேதி வாசித்தபோது அவள் எனக்கு எட்டாத தூரத்தில் இருந்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது அவள் பக்கத்தில் வந்துவிட்டாள்.

இருபத்தொன்றாம் தேதி, ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆற்றையொட்டிய ஒரு கிராமத்துக்கு லோடு ஆட்டோவில் போனோம். இனி இப்படிப் போகிறவர்களுக்காகச் சிலவற்றை எழுதி வைக்கிறேன். வெள்ளம் வடிந்த முதல் நாட்களில் அரிசி மூட்டையால் பயனில்லை, ஏனெனில் அடுப்பும் விறகும் நனைந்திருக்கின்றன. சமைத்த உணவு, குடிநீர், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பாய், உலர்ந்த நைட்டியும் லுங்கியும், சானிட்டரி நாப்கின், துடைப்பம், பினாயில் இவையே முதல் தேவை. பெண்கள் இல்லாத குழுவிடம் பெண்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்பதில்லை. ஆகவே குழுவில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். கொடுக்கும்போது படம் எடுக்கிறவரைப் பின்னால் விட்டுவிட்டுப் போவது உத்தமம். மதம் கேட்டுக் கொடுக்கிற எண்ணம் எங்கள் குழுவில் எவருக்கும் இல்லை. நாங்கள் இறங்கின இடமே ஒரு கோவில் மண்டபம். எங்களுக்கு உட்கார இடம் கொடுத்தவர் அந்தக் கோவிலின் பூசாரி.

ஒரு வீட்டுத் திண்ணையில் காகிதங்களைக் காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், கணவரின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. இறப்புச் சான்றிதழ் போனால் எல்லாமே போயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நான்கு மாதங்களில் எனக்கு வேண்டாவெறுப்பாகத் தெரியவந்த விவரமெல்லாம் அங்கே உதவியது. ஈரத்தாள்களைப் பிய்க்காமல் துணிமேல் விரித்து நிழலில் உலர்த்த வேண்டும் என்றும், பதிவு செய்த இடத்தில் சான்றிதழின் மறு நகல் கிடைக்கும் என்றும், எந்த விண்ணப்பத்துக்கு எந்தத் தாள் வேண்டும் என்றும் சொல்லி, பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வரிசையாக எழுதிக் கொடுத்தேன். சற்று நேரத்தில் வேறு சிலரும் தங்கள் காகிதங்களோடு வந்துவிட்டார்கள். என்னைத் திருப்பி அனுப்பிய அலுவலகத்துக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனமில்லை. ஆயினும் அங்கே நின்ற நேரமெல்லாம் வீணாகவில்லை.

திரும்பி வந்த அன்றிரவு வாசித்தது இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றி. காணிக்கை ஞாயிறுகளில் அவளை நிறையக் கேட்டிருக்கிறோம். முந்தின இரவு வாசிப்பு எங்கே முடிந்தது என்பது நினைவிலிருந்ததால் இம்முறை வேறுவிதமாகக் கேட்டது. விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைக் கர்த்தர் கண்டிக்கிறார். உடனே கண்ணை ஏறெடுத்துப் பார்த்தால், ஜீவனத்துக்கு இருந்ததெல்லாம் பெட்டியில் போடுகிற ஒருத்தி நிற்கிறாள். நடுவில் அதிகாரப் பிரிவு விழுந்துவிட்டதால் இரண்டையும் நாம் சேர்த்து வாசிப்பதில்லை. அவளுடைய பக்தியைக் கர்த்தர் மெச்சினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களையும் அவர் அப்போதுதான் பெயர் சொல்லாத குறையாகச் சொல்லி முடித்திருந்தார். பிரசங்கத்தில் இந்த இரண்டாம் பாதியையும் ஒருநாள் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

இருபத்திரண்டும் இருபத்துமூன்றும் கெத்செமனேயும் கொல்கொதாவும். மின்சாரம் திரும்பி, பக்கத்து வீடுகளில் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கியிருந்த இரவுகளில், சிலுவையைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தோம். சில வீட்டாருக்கு இது பொருத்தமில்லாமல் தோன்றலாம். திருச்சபையின் பழைய நாட்காட்டியை வகுத்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாளே கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாளையும், 28ஆம் தேதி ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நாளையும் அவர்கள் வைத்தார்கள்.

இருபத்துநான்காம் தேதி கல்லறைக்குப் போன பெண்கள். அவர்கள் வந்து சொன்னது அப்போஸ்தலருக்கு வீண்பேச்சாகத் தோன்றியது என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். அதன்பின், உயிர்த்தெழுந்தவர் யாரென்று அறியாமல் சீடர் இருவர் அவரோடு நடந்த எம்மாவு வழி. “நீர் எங்களுடனே தங்கியிரும், சாயங்காலமாயிற்று, பொழுதும்போயிற்று” என்ற வசனத்தை மகள் வாசிக்கும் முன்பே மாமியார் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு மூவரும் போய், கணவர் இருந்தபோது எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தோமோ அதிலேயே உட்கார்ந்தோம்.

ஜனவரியில் மறுபடியும் அந்த அலுவலகத்துக்குப் போனேன். இம்முறை சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டேன். எல்லாத் தாளுக்கும் நகலெடுத்துத் தனிக் கோப்பில் வைத்தேன். கொடுத்த ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட ஒப்புகை கேட்டேன். எந்தத் தாள் குறைகிறது என்பதை எழுத்தில் தரும்படி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். கூடவே என் பள்ளித் தோழி ஒருத்தியை அழைத்துப் போனேன். தனியாகப் போகிற விதவைக்குக் கிடைக்கிற பதிலும் இரண்டு பேராகப் போகும்போது கிடைக்கிற பதிலும் ஒன்றல்ல என்பதை எழுதக் கசப்பாக இருந்தாலும் எழுதியாக வேண்டும். ஆணை கோடை விடுமுறைக்கு முன் வந்தது. சபையில் அதன்பிறகு கணவரை இழந்தவர்களுக்கு இப்போது நான் அந்த இரண்டாம் ஆளாகப் போய்வருகிறேன்.

லூக்காவை டிசம்பரில் வாசிக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. முதலாம் அதிகாரத்தில் 80 வசனங்கள் இருக்கின்றன. ஒரே இரவில் வாசித்தால் சிறுவர்கள் தூங்கிவிடுவார்கள், ஆகவே மரியாளின் பாட்டு வரை காலையிலும் மீதியை இரவிலும் வாசிக்கலாம். ஒருநாள் தவறிவிட்டால் மறுநாள் இரண்டு அதிகாரங்களைச் சேர்த்து ஓட்ட வேண்டாம், அந்தத் தேதிக்குரியதையே வாசியுங்கள். வீட்டில் கண் தெரியாத பெரியவர்கள் இருந்தால் அவர்களைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களாக மட்டும் விட்டுவிடாமல், நடுவில் நிறுத்தி, அடுத்த வசனம் என்ன என்று அவர்களிடமே கேளுங்கள்.